பக்கெல்ஸைப் பேச விட்டிருக்கலாம்

பிபிசி நாடகப் பிரிவினருக்கும் ‘லைன் ஆஃப் டியூட்டி’ எழுத்தாளர் ஜெட் மெர்க்குரியோ அவர்களுக்கும்,

வணக்கம்.

ஊழல் போலீஸ்காரர்களை ஏசி-12 என்ற பிரிவு துரத்தும் உங்கள் தொடரின் ஆறாம் சீசன் கடைசிப் பகுதி 2021 மே 2, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வந்தது. சராசரியாக 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு சொன்னார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அன்று வந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸுக்குள் இருந்து குற்றக்கும்பலுக்கு உதவிய நால்வரில், கடைசிவரை தேடப்பட்ட நாலாவது ஆள் போலீஸ் அதிகாரி இயன் பக்கெல்ஸ் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. “போயும் போயும் இவனா?” என்று அன்று பலர் கொதித்தார்கள். எனக்கு அந்த விடை பிடித்திருந்தது. வேலை தெரியாதவன் என்று பெயரெடுத்த ஒருவன் அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, 2012இல் இன்ஸ்பெக்டராக இருந்தவன் சூப்பிரண்டு வரை ஏறிவிடுகிறான். அவனை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பெரிய மூளைக்காரன் ஒருவனைக் காட்டியிருந்தால் கைதட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்போம். பக்கெல்ஸ் தூங்க விடமாட்டான். அப்படி ஒரு விடை கையில் இருந்தும் ஏன் அதை அத்தனை அவசரமாகக் கடந்தீர்கள்?

உங்கள் தொடரின் உயிர் துப்பாக்கிச் சண்டையில் இல்லை, சந்தேகத்துக்குரியவர்களை ஏசி-12 விசாரிக்கும் அந்தக் கண்ணாடி அறையில் இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியின் நீண்ட ஒலி அடங்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு ஆவணமாகத் திரைக்கு வரும், எதிரே இருப்பவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மூன்றாம் சீசனில், கும்பலின் ஆளாக இருந்த போலீஸ்காரர் டாட் காட்டன் மேசைக்கடியில் கைபேசியை வைத்துத் தப்பிக்க வழி கேட்டுச் செய்தி அனுப்பிய அந்த விசாரணையில் நான் மூச்சுவிட மறந்தேன். அதே டாட்டின் மரண வாக்குமூலத்திலிருந்துதான், கும்பலுக்கு உதவும் மேலிடத்து ஆளைக் குறிக்கும் ‘எச்’ என்ற எழுத்து கிளம்பியது. முதலில் உயரதிகாரி ஹில்டனைச் சந்தேகிக்க வைத்தீர்கள், பிறகு ஏசி-12இன் தலைவர் ஹேஸ்டிங்ஸையே. 2019இல் டாட்டின் விரல் தட்டியது மோர்ஸ் தந்திக்குறி என்றும், எச் என்றால் நான்கு புள்ளிகள், எனவே நான்கு பேர் என்றும் திருப்பினீர்கள். பழைய பகுதிகளைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தோம். சின்ன விஷயத்தைக்கூட விடாமல் கவனிக்க எங்களைப் பழக்கியவர் நீங்கள்தான்.

கடைசியில் பக்கெல்ஸைக் காட்டிக்கொடுத்தது ஓர் எழுத்துப் பிழை. ‘டெஃபினிட்லி’ என்பதில் ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’. பழைய அறிக்கைகளிலும் அதே பிழை. இதில் குறையில்லை, அழகான தடயம். ஆனால் தடயம் பெயரைத்தான் தரும். அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு 2012 முதல் நாங்கள் பார்த்ததையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்திருக்க வேண்டாமா? எந்த வழக்கில் யாருக்கு என்ன தகவல் போனது, அதனால் செத்தது யார்? பக்கெல்ஸ் அப்போது அறையின் எந்த மூலையில் நின்றுகொண்டிருந்தான்? தான் வெறும் இடையாள் என்கிறான், பாதுகாப்புக் கேட்கிறான், அத்தோடு காட்சி நகர்ந்துவிடுகிறது. மந்தமான முகம் விலகி உள்ளேயிருந்த இறுமாப்பு வெளிவரும் அந்தச் சில கணங்களில் நைஜல் பாயில் எவ்வளவு நன்றாக நடித்தார்! அவருக்கு இன்னும் நேரம் தந்திருக்கலாம்.

நேரம் இல்லாமலா போனது? மார்கஸ் தர்வெல் என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி இவர்தான் என்று நடிகர் ஜேம்ஸ் நெஸ்பிட்டின் புகைப்படத்தை மட்டும் காட்டி ஆவலைத் தூண்டினீர்கள், பிறகு ஸ்பெயினில் பிணம் என்றீர்கள். அந்தச் சுற்றுவழி எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஊழலைத் தோண்டியதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கேல் வெல்லாவின் கதைதான் வேண்டியிருந்தது. அந்த சீசனே அவரது கொலையில்தான் தொடங்கியது. முடிவில் அவர் ஏறக்குறைய காணாமலே போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது கடைசியில் வந்த எழுத்துகள். பொதுநலனைக் காரணம் காட்டி பக்கெல்ஸுக்கு எதிரான சாட்சியங்களை ஏற்க மறுத்தார்கள், ஏசி-12 இதுவரை இல்லாத அளவுக்கு வலுவிழந்தது. தொடர் முழுக்கச் சொல்லவந்த கொடுமை இதுதானே? அதை நாங்கள் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த முடிவை எடுத்தவர்கள் எந்த அறையில் உட்கார்ந்து எடுத்தார்கள், ஹேஸ்டிங்ஸிடம் யார் போய் அதைச் சொன்னார்கள், அவர் முகம் எப்படி மாறியது? இதையெல்லாம் காட்சியாகப் பார்க்கவே ஆறு சீசன் காத்திருந்தோம்.

மறுபடி எங்களை அந்தக் கண்ணாடி அறைக்குள் அழைக்கும்போது பக்கெல்ஸை அங்கே உட்கார வையுங்கள். விசாரணை அதிகாரிகள் ஆர்னட்டும் ஃப்ளெமிங்கும் எதிரே இருக்கட்டும். முதல் வழக்கிலிருந்து, ஒவ்வொரு கோப்பாக, அவசரமில்லாமல் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பிபிசிக்கான டிவி உரிமக் கட்டணம் கட்டும் ஒரு பார்வையாளர்