நாலு கட்டம் என்றால் நாலு குழந்தை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப் பற்றி உங்கள் பக்கங்களில் அடிக்கடி செய்தி வருகிறது. கணினி வந்தது, இணையம் வந்தது என்பதோடு முடிந்துவிடுகிறது. அங்கே என்ன பாடம் நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். பிளஸ் டூ விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். மரபியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பள்ளியில் மரபியல் சோதனை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. மரபியலுக்கு அடித்தளமிட்ட துறவி மெண்டலுக்கு பிர்னோ மடாலயத் தோட்டம் இருந்தது. 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்க்கப் பொறுமையும் இருந்தது. எங்கள் டெல்டா வெயிலில் பட்டாணி தேறாது. பழ ஈ வளர்க்கலாமென்றால், 30 டிகிரியை ஒட்டியே ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கிவிடும். அதனால் போர்டில் புன்னட் கட்டம் (பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளையிடம் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் நாலு கட்டம்), அதில் கிடைக்கும் 3:1 விகிதம், அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தில்தான் சிக்கல். நாலு கட்டத்தை நாலு குழந்தை என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள். தலசீமியா என்பது பரம்பரை ரத்தசோகை; நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர் கேரியர். "அப்பா, அம்மா இருவரும் தலசீமியா கேரியர். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது. அடுத்ததற்கு?" என்று கேட்டேன். "இனி மூணு பிள்ளைக்கு வராது மிஸ்" என்றாள், வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண். இதே கணக்கை நம்பித் துணிகிற பெற்றோரும் உண்டு. உண்மையில் ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

இதற்காக மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. எக்செல்லில் 'ரேண்ட்' கட்டளை 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைத் தரும், 0.25-க்குக் கீழே வந்தால் நோயுள்ள குழந்தை. வரிக்கு நாலு குழந்தை, நூறு வரி, நூறு குடும்பம். எஃப்9 அழுத்தினால் எல்லாக் குடும்பத்துக்கும் புதிதாகக் குழந்தை பிறக்கும். அழுத்துமுன் என்ன வரும் என்று நோட்டில் எழுதியாக வேண்டும். எல்லாரும் எழுதியது, 'வீட்டுக்கு ஒன்று'.

வந்தது வேறு. நாற்பது சொச்சம் வீடுகளில்தான் ஒரு குழந்தைக்கு நோய். முப்பதையொட்டிய வீடுகளில் யாருக்குமே இல்லை. மிச்ச வீடுகளில் இரண்டு, மூன்று. எப்போதாவது ஒரு வீட்டில் நாலுக்கும் வரும், அப்போது "கம்ப்யூட்டர் தப்பு மிஸ்!" என்று ஒரே சத்தம். நானூறு குழந்தைகளையும் சேர்த்து எண்ணச் சொன்னேன். நோயுள்ளவர்கள் நூறை ஒட்டி நின்றார்கள். அதற்குப் பிறகே மெண்டலின் எண்ணிக்கையை எழுதிப் போட்டேன்: உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850. வகுத்தால் 2.96. அவருக்கே சரியாக மூன்று வரவில்லை.

மரபியல் சிமுலேஷன் என்ற பெயரில் கிடைப்பவற்றில் சில, எத்தனை முறை அழுத்தினாலும் 30:10 என்றே காட்டும். அது சோதனையே இல்லை, விடைத்தாளுக்கு வண்ணம் பூசிய வேலை. பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் கல்வித்துறையினர் ஒரே கலப்பினச் சோதனையைப் பத்து தடவை ஓட்டிப் பார்க்கட்டும். பத்தும் ஒன்றுபோல் வந்தால் ஒதுக்கிவிடலாம். செய்முறைத் தேர்விலும் விகிதத்துக்கு மட்டும் மதிப்பெண் தராமல், எதிர்பார்த்தது எது, வந்தது எது, ஏன் வித்தியாசம் என்று எழுதுகிற பிள்ளைக்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை (விலங்கியல்),
மன்னார்குடி