கடைக்காரனுக்கு 38 மார்க்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழோடு வந்த சுற்றுச்சூழல் இணைப்பை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஞாயிறு மதியம் கடையில் கூட்டம் இருக்காது. அதில் 20 கேள்விகள் கொடுத்து, ‘உங்கள் கார்பன் கால்தடத்தை நீங்களே அளந்து பாருங்கள்’ என்று போட்டிருந்தீர்கள். அதாவது ஒரு ஆளால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்ற கணக்கு. ஒன்பதாவது படிக்கிற என் பேத்தி பேனாவோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள், நானும் ஒளிக்காமல் பதில் சொன்னேன். நூற்றுக்கு 38. அந்த மார்க்குக்கு நேராக நீங்கள் அச்சடித்திருந்த வாக்கியம்: ‘பூமி உங்களை மன்னிக்காது. மாற்றம் உங்களிடமிருந்தே தொடங்கட்டும்.’

“தாத்தா, நீங்க ஃபெயில்” என்றாள்.

போகட்டும், பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். ஆனால் மார்க் எங்கே போனது என்று பார்த்தேன். விமானப் பயணத்துக்கு முழு மார்க். விமானத்தை நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. வேலைக்குப் போய்வரும் கேள்விக்கும் முழு மார்க். வீட்டுக்குக் கீழேயே கடை. மாடிப்படி இறங்குவதற்குத் தனிக் கட்டம் இல்லாததால் பேத்தி சைக்கிளுக்கு உரியதைக் கொடுத்தாள். கவிழ்த்தது இரண்டு ஃப்ரிட்ஜும், ‘நீங்கள் கையாளும் பிளாஸ்டிக் உறைகள்’ என்ற கேள்வியும். எர்ணாவூரில் 31 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

இரண்டில் ஒரு ஃப்ரிட்ஜ் என்னுடையதே இல்லை. குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்து வைத்தது. அவர்கள் பாட்டிலைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாது, தயிர் பாக்கெட் வைத்தால்கூட அவர்களுடைய ஆள் வந்து முகம் சுளிப்பார். விளம்பரம் அவர்களுடையது, கரண்ட் பில் என்னுடையது. இப்போது பாவமும் என்னுடையது என்று உங்கள் இணைப்பு சொல்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. என் கடை ஒயரில் எந்தக் கரண்ட் வர வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டு அனுப்புவதில்லை.

பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் கடை தொடங்கிய காலத்தில் கலர் எல்லாம் கண்ணாடி பாட்டிலில்தான். கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டுக் காலியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனால் டெபாசிட். காலி பாட்டில்கள் க்ரேட்டில் அடுக்கி அதே வண்டியில் திரும்பிப் போகும். ஒரு பாட்டில் குறைந்தால் எனக்குத்தான் நஷ்டம் என்பதால் பசங்களைத் தெருமுனை வரை துரத்தியிருக்கிறேன். கடலை எண்ணெய்க்குத் தூக்குச்சட்டி கொண்டுவருவார்கள். பருப்பைப் பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துச் சணலால் கட்டிக் கொடுத்தேன். (பெரும்பாலும் உங்கள் பத்திரிகைதான். தாள் கெட்டியாக இருக்கும். இப்போது உணவுப் பாதுகாப்புத் துறை அது கூடாது என்கிறது. மை ஒட்டுமாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.) அந்த க்ரேட்டை நிறுத்தியது நானா? வாங்க வந்த அம்மாக்களா? ஒருநாள் வண்டியில் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. காலி எங்கே போகும் என்று கேட்டேன். “அதெல்லாம் திருப்பித் தர வேண்டாம்ணே, தூக்கிப் போட்டுடலாம்” என்று ஏதோ சலுகை தருவதுபோல் சொன்னார் வண்டிக்காரர்.

அப்புறம் பிளாஸ்டிக் தடை. 2018 ஜூன் 5 அன்று அறிவித்தார்கள், 2019 ஜனவரி 1 முதல் அமல், 14 வகைப் பொருட்கள். முழுதாக ஏழு மாதம்கூட இல்லை. நல்ல சட்டம், நான் எதிர்க்கவில்லை. அந்த வருடம் ஆடி மாதம் கடைக்குச் சோதனைக்கு வந்தார்கள். கல்லாவுக்கு அடியில் பழைய கேரி பேக் கட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அபராதம் போட்டார்கள், கட்டினேன். தப்பு என்னுடையது. ஆனால் ரசீது எழுத வந்தவர் நின்ற இடத்தில் தலைக்கு மேலே ஷாம்பு சரம், சிப்ஸ் சரம், காபித்தூள் சரம் தொங்கிக்கொண்டிருந்தன. முகத்தில் இடித்ததால் இடது கையால் அவற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டே வலது கையால் எனக்கு ரசீது எழுதினார்.

அந்தச் சரங்களுக்கும் சட்டம் இருக்கிறது, ஐயா. எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒரு வக்கீல் வந்து விளக்கினார். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு வருடத்தில் ஒழிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதியில் இருந்ததாம். 2018ல் ஒரு திருத்தம். மறுசுழற்சிக்கு ஆகாததாக இருந்தால் மட்டும் போதாது. எரித்து ஆற்றல் எடுக்கவும் முடியாததாக, வேறு எதற்கும் பயன்படாததாக இருந்தால்தான் ஒழிக்க வேண்டுமாம். எரிக்க முடியாத உறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் தினமும் சாயங்காலம் எரிகிறதே! எனக்கு வந்த சட்டத்தில் இப்படி ஒரு சந்துகூட இல்லை.

கெடு விஷயமும் இதே கதைதான். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். வடாம் காயப்போட வெள்ளைத் துணி விரிக்கிற வழக்கத்தை என் மனைவி விட்டுப் பல வருடம் ஆகிறது. இந்த நிலையங்கள் விடுகிற கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்து, இரண்டு வருடத்தில் கருவி பொருத்தச் சொன்னது மத்திய அரசு. 2017 போய் 2022 ஆனது, பிறகு இன்னும் நீண்டது. 2025 ஜூலையில் நாட்டில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவி வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 கடைசி வரை அவகாசம். கந்தகம் வேறு, கரியமில வாயு வேறு என்று உங்கள் நிருபர் என்னைத் திருத்துவார். எனக்கும் தெரியும். இரண்டும் ஒரே புகைபோக்கி வழியாகத்தான் வெளியே வருகின்றன. கண்ணுக்கும் மூச்சுக்கும் தெரிகிற புகைக்கே 12 வருடம் என்றால் கண்ணுக்குத் தெரியாததற்கு எத்தனை? வெளியே விடுகிற வாயுவையும் உறிஞ்சப்படுவதையும் கழித்தால் மிச்சம் பூஜ்யம் ஆவதற்கு, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2021ல் நம் நாடு சொன்ன கெடு 2070. சென்னை மாநகராட்சியின் திட்டம் 2050 என்கிறது. 2070ல் என் பேத்திக்கு என்னுடைய இப்போதைய வயது நடக்கும். நான் கரண்ட் பில்லுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டுப் பார்க்கட்டுமா?

பாரிசில் பருவநிலை மாநாடு தொடங்கியது 2015 நவம்பர் 30. மறுநாள் இங்கே கொட்டித் தீர்த்தது. 14 மூட்டை அரிசி முளைவிட்டு நாறியது. அந்த வெள்ளம் மனிதரால் வந்த பேரிடர் என்று தணிக்கைத் துறையே அறிக்கை கொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் உஷாராக மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வைத்தேன். இந்த முறை தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. யாருடைய எண்ணெய் என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. வடிந்த பிறகு கடைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம், சுண்ணாம்பு அடித்தோம், அதற்கு மேல் பெயின்ட் அடித்தோம். வெயில் காலத்தில் இன்றைக்கும் மங்கலாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் பேத்தி உட்கார்ந்து எனக்கு மார்க் போட்டாள். அரசு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாயை நன்றியோடு வாங்கிக்கொண்டேன். என் சரக்குக் கணக்கு அதில் எத்தனை மடங்கு என்று எழுதினால் புலம்புவதாக நினைப்பீர்கள்.

இந்தக் கால்தடக் கணக்கைப் பற்றி ஒன்று. தனி மனிதர் தம் கால்தடத்தை அளந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சை 2004 வாக்கில் விளம்பரம் செய்து உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரும்பங்கு ஒரு பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனிக்கு உண்டு. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1988க்குப் பிறகு தொழில்துறையால் வந்த பசுங்குடில் வாயுவில் 71 சதவீதத்தை, எரிபொருள் எடுக்கிற 100 நிறுவனங்களின் கணக்கில் வைத்து 2017ல் ஒரு அறிக்கை வந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த எரிபொருளை எரித்தது நாம்தானே என்பீர்கள். சரி, எரித்தோம். விற்றவர் கணக்கையும் வாங்கியவர் கணக்கையும் ஒரே பக்கத்தில் போடுங்கள் என்கிறேன். சரக்கில் பூச்சி இருந்தால் வாங்கியவர் நேரே என் கடைக்குத்தான் வருவார். “சமைத்தது நீங்கள்தானே” என்று நான் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

உங்கள் இணைப்பில் கடைசிப் பக்கம் முழுக்க ஒரு அடுக்குமாடி விளம்பரம். ‘ஏரிக்காற்று உங்கள் பால்கனியில்.’ ஏரி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று விளம்பரத்தில் இல்லை. நடுப்பக்கத்தில் ஏசி விளம்பரம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கம்பெனி, மரம் நட்ட போட்டோவோடு. எங்கள் பக்கத்திலும் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா, அந்தக் கணக்கில். பள்ளிக்கூடத்து மதில் சுவரில் அழகாக ஒரு மரம் வரைந்துவிட்டுப் போனார்கள்.

எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும். 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்த சமயம், ஏரிகளைத் தூர்த்தது யார் என்று கேட்டு உங்களுக்கு மூன்று பக்கம் எழுதினேன். நான்கு வரி போட்டீர்கள். ரயில்வேக்கு நன்றி சொன்ன நான்கு வரி.

அதனால் இந்த முறை பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதே 20 கேள்விகளை, உங்கள் இணைப்பில் விளம்பரம் கொடுத்தவர்களுக்கும் அதில் வாழ்த்துச் செய்தி எழுதிய துறைகளுக்கும் அனுப்பி, யாருக்கு எத்தனை மார்க் என்று அடுத்த இணைப்பில் வெளியிடுங்கள். விமானக் கேள்வியை எடுத்துவிட வேண்டாம். அப்படியே என் 38ஐயும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
எர்ணாவூர், சென்னை.

பி.கு.: அந்த இணைப்பு ஒரு பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் வந்தது. கிழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் பேப்பர் போடும் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தேன். “இதை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு தெரியாதுங்க” என்று கல்லா மேலேயே வைத்துவிட்டுப் போனார். யாரிடம் கொடுப்பது என்று தெரிவிக்கவும்.