தீத்தடுப்புக் கதவுக்கு அலமாரிக் கீலா? சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

பி பிளாக் மாடிப்படியில் தீயும் புகையும் பரவாமல் தடுக்க வேண்டிய கதவுகள் கீல் தளர்ந்து கிடக்கும் விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. புகார்ப் புத்தகத்தில் எழுதியாயிற்று, வாட்ஸப் குழுவில் போட்டாயிற்று, உங்கள் கட்டைவிரலும் வந்தாயிற்று. போன வாரம் தரைத்தள மீட்டர் பெட்டியில் புகை கிளம்பிய பிறகும் பேச்சு மீட்டரைப் பற்றித்தான் நடக்கிறது. அந்தப் புகை ஐந்தாம் மாடிவரை எப்படி ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கீழே படிக்கட்டுக் கதவைத் திறந்து, நைலான் கயிறு போட்டுக் கம்பியோடு கட்டிவைத்திருந்தார்கள். வழி விட்டால் வராதா?

கட்டிய காவலாளியை நான் குறை சொல்லமாட்டேன். மூடினால் திறக்க அவர்தான் ஓடிவர வேண்டும். கீல் தளர்ந்து கதவு தொங்கிப்போய், கீழ் மூலை உரசி உரசி கிரானைட்டில் அரைவட்டமாகக் கோடே விழுந்திருக்கிறது.

நான்காம் மாடிக் கதவும் இதே லட்சணம்தான், கட்டவில்லை, அவ்வளவே. அன்று லிஃப்டை நிறுத்தியதும் அங்கே குடியிருக்கும் எழுபது வயது அம்மா முட்டி வலியோடு படிக்கட்டுக்கு வந்தார். இரண்டு கையாலும் தள்ளினார். கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிக்கொண்டே தள்ள வேண்டும். அந்தச் சூட்சுமம் எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த எடையை அவர் எப்படித் தூக்குவார்? எதிர்வீட்டுப் பையன் வந்து தோளால் முட்டித் திறக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்தால், படிக்கட்டெல்லாம் புகை. கீழே கட்டிவைத்த கதவின் உபயம். மெயினை அணைத்ததும் புகை அடங்கியது, பிழைத்தோம்.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. முன்பு ஓர் ஆளை அனுப்பினீர்கள். மேல் கீலைக் கழற்றிவிட்டு அலமாரிக்குப் போடுகிற அலுமினியக் கீலை மாட்டினார். மரை தேய்ந்த துளையில் ஸ்க்ரூ பிடிக்கவில்லை. நாலில் இரண்டு சும்மா சுற்றின. தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த எண்ணெயில் இப்போது தூசி அப்பிக்கிடக்கிறது. இன்னொரு கீலுக்கடியில் கறுப்புத் தூள் வழிந்திருக்கிறது. அது அழுக்கல்ல ஐயா, கீல் தேய்ந்து உதிர்கிற இரும்பு.

கனமான கதவில் அதிகமாக இழுபடுவது மேல் கீல்தான். அதற்கே மட்டமான கீல் போட்டால் கதவு சாயாமல் என்ன செய்யும்? அதைவிட மோசம், அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தீத்தடுப்புக் கதவைச் சோதிக்கும் உலையில் ஒரு மணி நேரத்திலேயே வெப்பம் 900 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. நம் கதவில் 120 நிமிடம் தாங்கும் என்று வில்லை ஒட்டியிருக்கிறது. அது வெறும் பலகைக்குக் கொடுத்த சான்றல்ல. நிலைச்சட்டம், கீல், பூட்டு எல்லாம் சேர்த்துச் சோதித்துக் கொடுத்தது. கீலை மாற்றிய அன்றே அந்த வில்லை அலங்காரமாகிவிட்டது.

அதனால் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கதவோடு சோதிக்கப்பட்ட அதே வகை எஃகுக் கீல்களை எல்லா மாடிகளிலும் போடுங்கள்.

அலங்காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வரவேற்பறையில் செயற்கை நீரூற்று வந்துவிட்டது. தீ பிடித்தால் அதிலிருந்து மொண்டு ஊற்றலாம் என்பது திட்டமாக இருக்கலாம். ஏப்ரல் 14 அன்று கோலப்போட்டி வைத்து அசத்தினீர்கள். தமிழ்ப் புத்தாண்டான அதே நாள்தான் இந்தியாவில் தீயணைப்புச் சேவை தினமும். 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். அன்றைக்காவது யாராவது அந்தக் கதவை ஒருதரம் திறந்து மூடிப் பார்த்திருக்கலாம். பெயின்ட் அடிக்க வந்தவர்களோ கீல், புகையைத் தடுக்கும் கதவோரத்துச் சீல் என்று பாராமல் எல்லாவற்றின் மேலும் அடித்துவிட்டார்கள்.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். சரியான எஃகுக் கீல்களைப் போடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். மரை போன துளைகளைக் கதவுக் கம்பெனி ஆளை வைத்தே சரிசெய்யச் சொல்லுங்கள். எவ்வளவு திறந்து விட்டாலும் கதவு தானாக வந்து பூட்டின் நாக்கு விழுந்து மூடிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்திடுங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ, கதவோர இடைவெளி, கதவைத் தானாக மூடவைக்கும் க்ளோசர் எல்லாவற்றையும் பார்க்க ஏற்பாடு வேண்டும். சாமான் ஏற்றும்போது கீல் பக்க இடுக்கில் மரத்துண்டைச் செருகும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். நெம்புகோல் மாதிரி கீலையே பிடுங்கிவிடும். கதவு திறந்தே இருக்க வேண்டிய இடமென்றால், அலாரம் அடித்ததும் விட்டுவிடும் காந்தப் பிடி கிடைக்கிறது. கயிறு வேண்டாம்.

வரும் குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்புக் கட்டணத்தில் பணம் போதாதென்றால் தனியாக வசூலியுங்கள்; பி பிளாக்கில் யாரும் மறுக்கமாட்டோம்.

இப்படிக்கு,
பி பிளாக், ஆறாம் மாடிவாசி