கணவருக்கும் பரிசோதனை வேண்டும்

ஆசிரியருக்கு,

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். குழந்தையில்லை என்று வரும் பெண்களின் ஃபைலைப் பிரித்தாலே மனசு கொதிக்கிறது. தைராய்டு, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் இருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும் இருக்காது. கேட்டால், "அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்" என்று கூட வந்த மாமியார் பதில் சொல்வார்.

நல்லாத்தான் இருப்பார். மீசை, குரல், தாம்பத்தியம் எதிலும் குறை தெரியாது. ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப். எனும் பகுதியில் ஒரு துண்டு விடுபட்டிருந்தால், விந்தணுவாக வளர வேண்டிய செல்கள் விரையில் இல்லாமலே போகலாம், பாதி வளர்ச்சியில் நின்றும் போகலாம். அதில் ‘ஏ’ பகுதி முழுவதும் இல்லையென்றால், விரையில் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைப்பதில்லை. ‘சி’ பகுதி மட்டும் இல்லையென்றால் பலருக்குக் கிடைக்கிறது. ஆனால் இக்ஸி முறையில், அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறையில், பிறக்கும் மகனுக்கும் அந்தக் குறை போய்ச் சேரும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் அதை யாராவது சொல்ல வேண்டாமா?

ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யின் விஞ்ஞானிகள் டெக்ஸ்13பி என்ற மரபணுவின் பிறழ்வும் விந்தணு உற்பத்தியைக் கெடுப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மகனுக்குத் தாய்வழியே வரும். (அதற்காகத் தாயைக் குறை சொல்லக் கிளம்பிவிட வேண்டாம், மரபணுவை யாரும் கேட்டு வாங்குவதில்லை.)

அரசு மருத்துவமனைகளில் முதல் வருகையிலேயே கணவருக்கும் பரிசோதனை எழுத வேண்டும். விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், அடுத்த சிகிச்சைக்கு முன் மரபணுப் பரிசோதனையை இலவசமாகச் செய்துதர சுகாதாரத்துறை முன்வர வேண்டும்.

— ஆய்வக நுட்பநர் ஒருவர், தேனி