எவரெஸ்டுக்கு முன்னால் வெள்ளகெவி

பெரியகுளம்
தை 8

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் பொங்கல் விடுமுறை கழிந்த மறுநாள் வந்தது. போனில் பேசினால் நான் குறுக்கே விழுந்து பேசுவேன், அதனால்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். நியாயம்தான். இப்போது என் முறை, நீயும் குறுக்கே பேச முடியாது.

அம்மா சௌக்கியம். கண்ணாடி மாற்றியதிலிருந்து டிவியில் வருகிறவர்களின் நகையைக்கூட எண்ணிச் சொல்கிறாள். மாமரங்கள் நன்றாகப் பூத்திருக்கின்றன, பனி விட்டால் பிஞ்சு நிற்கும். பெரியவள் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. இங்கே சேதி இவ்வளவுதான்.

உன் கடிதத்தில் மூன்று பக்கம். ஒன்றரைப் பக்கம் சர்க்கரை, மீதி ஒன்றரைப் பக்கம் எவரெஸ்ட். டாக்டர் தினமும் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னாராம், நீ வருகிற மே மாதமே எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்துவிட்டு வருகிறேன் என்கிறாய். விலை உயர்ந்த பூட்ஸ்கூட வாங்கியாகிவிட்டது. பூட்ஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய விவரங்களை உட்கார்ந்து படித்தேன். விமானம் இறங்கும் லுக்லாவே 2,860 மீட்டர். முகாம் 5,364 மீட்டர். போக வர 130 கிலோமீட்டர் பக்கம். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் நம் பல்லாவரத்தில் கிடைப்பதில் பாதிதான். நீ கடைசியாக ஏறிய உயரம் உன் அபார்ட்மென்டில் லிஃப்ட் பழுதான அன்று ஏறிய நாலு மாடி. கோபித்துக்கொள்ளாதே, அதையும் நீயேதான் எழுதியிருக்கிறாய்.

போகாதே என்று சொல்லவில்லை. நானும் வருகிறேன். ஆனால் மே மாதம் வேண்டாம், எவரெஸ்டும் முதலில் வேண்டாம். போன மார்கழியில் எனக்கு நடந்ததை உனக்குச் சொல்லவேயில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று வைத்திருந்தேன்.

கொடைக்கானல் மலையடிவாரத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக மேலே வட்டக்கானல் ஏறிவிடுவது என்று அக்கா மகனும் நானும் கிளம்பினோம். பள்ளிக்கூட நாளில் நீயும் நானும் பாதிவரை போய் மழைக்குப் பயந்து ஓடிவந்த அதே பாதை. அனுமதி வாங்கி, வெள்ளகெவிக்காரர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டோம். கீழே 400 மீட்டர் என்றால் மேலே 2,000 மீட்டர். காலை 6 மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். மருமகன் எழுந்து, குளித்து, பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று நின்று, நாங்கள் நடக்க ஆரம்பித்தபோது மணி ஒன்பதரை.

வெள்ளகெவி போய்ச் சேரும்போதே மூன்று மணி. கூட வந்தவர், “சார், இன்னிக்கு ஊரோட நின்னுக்குவோம், மேல போறதுக்குள்ள இருட்டிரும்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் வலி. நின்றிருக்கலாம். ஆனால் வட்டக்கானலில் ரூமுக்கு 1,200 ரூபாய் அட்வான்ஸ் கட்டியிருந்தேன். மாப்ளே, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என்னை மேலே இழுத்தது மலை இல்லை, அந்த 1,200 ரூபாய்.

ஐந்தரைக்கெல்லாம் பஞ்சு மூட்டை மாதிரி மேகம் இறங்கிவிட்டது. மரத்தடியில் இருட்டு. வளைவு ஒன்றில் துணைக்காரர் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார். பாதையின் நடுவே காட்டுமாடு, ஒற்றை. யானையைவிட ஒற்றைக் காட்டுமாட்டுக்குத்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பயப்படுவார்கள். அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். பத்து நிமிஷம் இருக்கும். நகரவில்லை. நாங்கள்தான் பின்னாலேயே நகர்ந்து திரும்பினோம். டார்ச் எடுக்கவில்லை, போனில் 11 சதவீதம் சார்ஜ். இறக்கத்தில் என் வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ‘களுக்’ என்றது. வெள்ளகெவிக்குள் நுழையும்போது எட்டு மணி. ஒரு பாட்டி ஒன்றும் கேட்காமல் கடுங்காப்பி கொடுத்தாள். அந்த ஊரில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், ஊரே கோயில் மாதிரி. ஈர பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐம்பதைத் தொடப்போகும் ஆள், நடுங்கிக்கொண்டே காப்பி குடித்த காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும்.

சரி, சிரித்து முடித்தாயா? அதற்கப்புறம் நான் பிடித்துக்கொண்ட ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை முந்தைய நாளே தாளில் எழுதிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, அந்த மணி அடித்தால் திரும்பிவிட வேண்டும். மேலே நிற்கும்போது முடிவெடுக்கிற மூளை நம்முடையது இல்லை. அது களைத்திருக்கும், அட்வான்ஸ் கொடுத்திருக்கும்.

நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. நாங்கள் ஏற நினைத்தது 1,600 மீட்டர். ஏற்றத்துக்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி, தூரத்துக்குத் தனி. அதுவும் தேறிய மலையேறிகளுக்கு, நிற்காமல் நடந்தால். உனக்கும் எனக்கும் அதை இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்திருந்தால் ஒன்பதரைக்குப் புறப்படாமல் அப்படியே வீட்டுக்கு வந்து இன்னொரு பரோட்டா சாப்பிட்டிருப்பேன்.

இனி உனக்கான திட்டம். நீ இருக்கும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலுக்கு 565 படி. கழுகு வராமல் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது, அதற்காகக் காத்திருக்காதே. முதல் வாரம் ஒரு தடவை ஏறி இறங்கு. அப்புறம் இரண்டு தடவை. அப்புறம் முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு இரண்டு தடவை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். அதனால் படியில் ஓடி இறங்காதே. இரண்டு கையிலும் கம்பு இருந்தால் நல்லது. வெள்ளியங்கிரிக்கு ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே மூங்கில் கம்பு வாங்குவது சும்மா இல்லை.

பிப்ரவரி பாதிக்குள் ஒரு நாள் குடியம் போய் வா. திருவள்ளூர் பக்கம், பூண்டி ஏரிக்கு அப்பால். புதர்க்காட்டில் சில மணி நேர நடை, முடிவில் கற்கால மனிதர்கள் புழங்கிய பெரிய குகை. உனக்கு அதில் ஒரு சம்பந்தமும் இருக்கிறது. 1863-இல் நிலவியலாளர் ப்ரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது உன் பல்லாவரத்தில்தான். நீ ஃபிளாட் வாங்கியபோது புரோக்கர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். அங்கே நிழல் குறைவு, அதனால் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு உப்புக்கடலைப் பொட்டலம். உன் சர்க்கரைக்குச் சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மாத்திரை போட்டுக்கொண்டு வழக்கத்துக்கு மேல் நடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். டாக்டரிடம் இதை முன்கூட்டியே கேட்டு வை.

பிப்ரவரி பாதி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலைக்காரப் பிள்ளைகள். குடியமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம் என்று மூடிவிடுகிறார்கள். மூடட்டும். குரங்கணி நம் போடிக்கு மேலேதான் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் அங்கே காட்டுத்தீயில் சிக்கியபோது, ராத்திரி ஊர்க்காரர்கள் டார்ச்சும் கம்பளியுமாக மேலே ஓடியதை இங்கே இன்னும் பேசுவார்கள். ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல், மேல்நோக்கி அடிக்கும் காற்று. தீ மலைச்சரிவில் ஏறுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள், பாதிக்கு மேல் சின்ன வயசு. மார்ச்சில் யாராவது உன்னைத் ‘தெரியாத வழியில்’ மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் போகாதே.

ஆனியில் இங்கே வா. வட்டக்கானலில் ஆரம்பித்து வெள்ளகெவிக்கு இறங்கும் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதில் ஒரு தந்திரம் உண்டு. காலையில் புதுத்தெம்போடு இறங்கிக்கொண்டே போய்விடுவாய், பட்ட கடனை மத்தியானம் ஏறித் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பும் நேரத்தைக் கடைப்பிடிக்கப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. அட்டை இருக்கும். கொஞ்சம் உப்பைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டால் போதும், ரத்தத்தைப் பார்த்து மயங்காதே.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தால், நவம்பரில் சந்தக்பூ.

டார்ஜிலிங் பக்கம், மேற்கு வங்கத்தின் உச்சி, 3,636 மீட்டர். மானேபஞ்சனிலிருந்து நேபாள எல்லையை ஒட்டிய சிங்காலீலா முகட்டிலேயே நடை. வழியில் தும்லிங், காலிபோக்ரி என்று சின்ன ஊர்கள். அங்கே வீடுகளிலேயே படுக்கை, சோறு, பருப்பு கிடைக்கும், கூடாரம் சுமக்க வேண்டாம். மூன்றாம் நாள் உச்சி. வானம் திறந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு நான்கும் ஒரே பார்வையில் தெரியும். உலகின் முதல் ஐந்து உயரங்களில் நான்கு, மாப்ளே! எவரெஸ்டின் காலடிக்குப் போனாலும் அடிவார முகாமிலிருந்து அதன் உச்சி தெரியாது, பக்கத்து மலை மறைத்துவிடும். ரோடோடென்ட்ரான் பூ வேண்டுமென்றால் ஏப்ரல், சிகரங்கள் வேண்டுமென்றால் நவம்பர். நான் நவம்பர் கட்சி.

உச்சிவரை ஜீப் போகிற பாதை என்று தெரிந்ததும் நீ முகம் சுளிப்பாய். நான் அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். ராத்திரி உனக்குத் தலைசுற்றினால் ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடலாம். உயரத்து நோய்க்கு உடற்பயிற்சி கேடயம் இல்லை. ஜிம்முக்குப் போகிற மருமகனுக்கும் வரும், எனக்கு வராமலும் போகலாம். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் படுக்கிற உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். இந்தப் பாதை ஏறக்குறைய அதற்கென்றே போட்டது போல இருக்கிறது. தலைவலி, வாந்தி, சோறு இறங்கவில்லை என்றால் அதற்கு மேல் ஓர் அடி ஏறக்கூடாது. குடித்தவன் போலத் தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று பார்க்காமல் உடனே இறங்க வேண்டும். உயரத்து நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி நீயாக முடிவு செய்யாதே, சர்க்கரை மாத்திரைகளின் சீட்டோடு டாக்டரிடம் காட்டு.

பை விஷயத்தில் உன்னை எனக்குத் தெரியும். கல்லூரி டூருக்கு இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்தவன் நீ. கட்டிய பையை எடை மிஷினில் வை, எட்டு கிலோவுக்கு மேல் காட்டினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடத்தில் அது ஈரத்துணி சுற்றிய மாதிரிதான். டார்ச் தலையில் மாட்டுகிறது, கூடுதல் பேட்டரியோடு. வீட்டில் பொரித்த அவலும் கடலை மிட்டாயும் என் பொறுப்பு. உனக்குக் கடலை மட்டும்.

பூட்ஸுக்கு வருகிறேன். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து நாளையிலிருந்து காய்கறிக் கடைக்குப் போட்டுக்கொண்டு போ. தெருவில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மலையில் முதல்முறை போட்டால் பத்தாவது கிலோமீட்டரில் குதிகால் தோல் உரிந்து, மீதித் தூரத்துக்கு உன்னை நான் சுமக்க வேண்டிவரும். வெள்ளகெவியில் எப்படியும் கழற்றிக் கையில் பிடிக்கத்தான் போகிறாய்.

திருக்கழுக்குன்றத்தில் மேலே போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எழுது. குறைத்து எழுதினால் தங்கச்சியிடம் கேட்டுவிடுவேன். ஆனிக்கு வட்டக்கானல் ரூமை நீயே போடு. அட்வான்ஸ் கேட்காத இடமாகப் பார்.

அன்புடன்
உன் பெரியகுளத்தான்