பேத்தியின் பெயர் பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்ததும், தாயும் பிள்ளையும் சுகமாக இருப்பதும் படித்து மனசு நிறைந்தது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பொடி எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. கண் தெளிந்ததும் முதலில் எடுத்தது அம்மாவின் பழைய வேதாகமத்தைத்தான், உன் கேள்விக்காக.

மருமகள் நவோமி என்று வைக்க ஆசைப்படுகிறாள், சம்பந்தியம்மா 'தாலியறுத்தவள் பேர் வேண்டாம்' என்கிறார் என்று எழுதியிருந்தாய். வையுங்கள் கலா. அது இனிமை என்ற பொருள் கொண்ட பெயர். 'என் இனிமை' என்றும் சொல்வார்கள். 'சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது' என்று 133ஆம் சங்கீதம் பாடுவோமே, அந்த 'இன்பம்' எபிரெயத்தில் நயீம். அதே வேர்தான் இந்தப் பெயருக்கும். இன்றைக்கும் இஸ்ரேலில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் 'நயீம் மெஓத்' என்பார்கள், உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி என்று. அரபியிலும் அந்த வேர் உண்டு. நம் ஊரில் நயீம் என்று பெயர் வைப்பது அந்த வழியில் வந்ததுதான்.

சம்பந்தியம்மா சொல்வதிலும் பொய் இல்லை. வேதாகமத்தில் ரூத்தின் புத்தகத்தில் வருகிறவள் அவள், நம் மொழிபெயர்ப்பில் அவள் பெயர் நகோமி. பெத்லகேமில் பஞ்சம். அப்பத்தின் வீடு என்று அர்த்தமுள்ள ஊரில் அப்பம் இல்லை. மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போனவள் அங்கே புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு, வாற்கோதுமை அறுப்புக் காலத்தில் மருமகள் ரூத்தோடு திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் 'இவள் நகோமியோ?' என்று கேட்கிறார்கள். 'என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாராள் என்று சொல்லுங்கள்' என்கிறாள். மாராள் என்றால் கசப்பு.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஆனால் அடுத்த வசனத்தைக் கவனித்தது இந்த வாரம்தான். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் புத்தகமே அவளை மறுபடியும் நகோமி என்றுதான் எழுதுகிறது. கடைசிவரை ஒருவரும் அவளை மாராள் என்று கூப்பிடவில்லை. ரூத்துக்குப் பிள்ளை பிறந்தபோது, அதே பெண்கள் 'நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது' என்று சொல்லி, ஓபேத் என்று அவர்களே பெயரும் வைக்கிறார்கள். அவள் அந்தப் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். தாவீது ராஜாவுக்கு ஓபேத் தாத்தா. என் வீட்டுக்காரர் போனபின் நான் இரண்டு வருஷம் யாரோடும் பேசாமல் கிடந்தபோது, நீ வாரம் தவறாமல் வந்து பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டாயே, அது நினைவுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

இன்னொன்று. எழுதும்போது நகோமி என்றே எழுதச் சொல். எபிரெயத்தில் அந்தப் பெயரின் நடுவில் அயின் என்று ஓர் எழுத்து, தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒலி. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ககரம் நிற்கிறது, நாகமான் என்ற வேதாகமப் பெயரிலும் அப்படித்தான். நவோமியில் வருகிற வகரம் நாம் சேர்த்த உடம்படுமெய். கூப்பிடுவது அவர்கள் இஷ்டம்.

ஞானஸ்நானத் தேதி முடிவானதும் எழுது. நீளப் பயணம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பழைய வாயில் புடவையில் தொட்டில் துணி தைத்து வைத்திருக்கிறேன், நானே கொண்டுவருகிறேன்.

உன்,
எஸ்தர்