கை தூக்கச் சொல்லாதீர்கள்: குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் உள்ள நம் குடியிருப்பை இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக்கொள்வதா என்று முடிவெடுக்கக் கூடவிருக்கும் பொதுக்குழுவில், வழக்கம்போலக் கைகளை எண்ணாமல், வாக்குச்சீட்டில் குறித்துப் பெட்டியில் போடும் முறையைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றதும் பலர் முதலில் முன்வரிசையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஏலச்சீட்டு நடத்துபவரும் வட்டிக்குக் கொடுப்பவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சீட்டை எடுத்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒருவர், சீட்டுக்காரரின் கை உயர்ந்திருக்கும்போது தன் கையை மடியிலேயே வைத்திருப்பாரா? யாரும் யாரையும் மிரட்டுவதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மிரட்டாமலே இது நடந்துவிடுகிறது.

கல்லூரி நூலகத்தில் தரவுத்தளங்களைத் தேடக் கற்றுக்கொடுப்பது என் வேலை என்பதால், இதுபற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தேன். 'பியர் பிரஷர்' (சுற்றியிருப்பவர்களால் வரும் அழுத்தம்) என்று மட்டும் இட்டால் பதின்வயதினரின் புகைப்பழக்கம் பற்றிய கட்டுரைகளே வந்து குவிகின்றன. ரகசிய வாக்கு, கூட்டத்தோடு ஒத்துப்போதல் ஆகியவற்றுக்கான சொற்களைச் சேர்த்து, உளவியல், அரசியல் அறிவியல் இதழ்களுக்குள் தேடியபோதுதான் வேண்டியவை அகப்பட்டன.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1955-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை அவற்றுள் முதன்மையானது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய சோதனையில், தனியாக இருக்கும்போது நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறாதவர்கள், முன்கூட்டியே பேசிவைத்த கூட்டம் ஒரே குரலில் தவறான விடையைச் சொல்லக் கேட்டபின் 36.8 சதவீத விடைகளில் தாங்களும் தவறினார்கள். விடையைச் சொல்லாமல் எழுதித் தர விட்டபோது இந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. வெறும் கோட்டுக்கே இப்படியென்றால், குடியிருக்கும் வீட்டுக்கு?

அக்கம்பக்கத்தாரின் பார்வையால் நன்மையும் உண்டு. அரசியல் அறிவியலாளர்களான கெர்பர், கிரீன், லாரிமர் ஆகிய மூவரும் 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தேர்தலொன்றில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், யார் வாக்களித்தார்கள் என்ற விவரம் அண்டை வீட்டாருக்குத் தெரிவிக்கப்படும் என்று கடிதம் பெற்றவர்களிடையே வாக்குப்பதிவு 37.8 சதவீதமாக இருந்தது. கடிதமே பெறாதவர்களிடையே 29.7 சதவீதம்தான். எனவே கூட்டத்துக்கு வந்தவர்களின் பட்டியலைத் தாராளமாகப் படிக்கட்டுப் பலகையில் ஒட்டுங்கள்; எப்படி வாக்களித்தார்கள் என்பதை மட்டும் அவரவரிடமே விட்டுவிடுங்கள்.

மாநிலங்களவைத் தேர்தலிலேயே 2003 முதல் வெளிப்படை வாக்கு இருக்கிறதே, 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றதே என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே வாக்களிப்பவர்கள் கட்சிக்குக் கட்டுப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள். விலைபோவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. நாமோ அவரவர் வீட்டுக்காக வாக்களிக்கிறோம். மக்கள் நேரடியாக வாக்களிக்கும் பொதுத் தேர்தல்களில் ரகசியத்தை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே காக்கிறது.

இந்தக் கட்டுரைகளைச் சரிபார்க்க விரும்புவோர் ஆய்விதழ்களின் இணைய நூலகமான ஜேஸ்டோரில் (JSTOR) இலவசக் கணக்கு தொடங்கித் தேடலாம். அரசுக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியாகவும் தேடிப் பார்க்கலாம்.

ஒரு மறைப்பு, ஒரு பெட்டி, இரு தரப்பிலிருந்தும் தலா ஒருவர் முன்னிலையில் எண்ணிக்கை: இவ்வளவுதான் தேவை. வாக்குச்சீட்டுகளை அச்சடித்துத் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். கூட்ட அறிவிப்பு வெளியாகும் முன் செயற்குழு இதை முடிவு செய்து தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்